மஞ்சள் பூசின கழுத்து

தாடி நல்லாத்தான் இருக்கும்மா, நான் குறை சொல்லல. உள்ள கடைசிக் கட்டில்ல காலை மடக்கி நீட்டிக்கிட்டு இருக்காரே, அவருதானே உன் வீட்டுக்காரரு? பார்த்தேன். களையான முகம். என்ன, வெளிய உக்காந்து நீ இட்லி ஊட்டினப்ப பாதி வாய்க்குப் போச்சு, பாதி தாடிக்குப் போச்சு. பாவம், அதுக்கும் பசிக்கும்ல.

கோவிச்சுக்காத. பிசியோதெரபி முடியுற வரைக்கும் இந்த பெஞ்சுலதான் கெடக்கணும், சும்மா கெடக்க எனக்கு வராது. உன் வீட்டுக்காரருக்குப் பக்கத்துல நீலச் சட்டை போட்டுக்கிட்டு, அந்த டாக்டரம்மாவையே டிக்கெட் எடுக்காதவளைப் பாக்குற மாதிரி முறைச்சுக்கிட்டு இருக்காரு பாரு, அது என்னோட சொத்து. சபாபதின்னு பேரு. பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்தவரு. ரிட்டயர் ஆயாச்சு, முறைப்பு மட்டும் ரிட்டயர் ஆகல.

அவரு கழுத்தைப் பாரு. முகத்தை விடு, கழுத்தை மட்டும் பாரு. வழவழன்னு இருக்கா? ஒரு சிவப்பு இருக்கா, ஒரு பொரி இருக்கா? அது என் கைவேலை. அந்தக் கழுத்தால என் குடும்பமே ரெண்டாகப் பாத்துச்சு. அதனாலதான் சொல்றேன், நாளைக்கு நீயும் ரேசரைத் தூக்குவ, தெரிஞ்சுக்கிட்டுத் தூக்கு.

ஐப்பசியில இவருக்கு வாதம் வந்துச்சு. வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் ஒரே காலையில போச்சு. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிச்சம். சொல்லிச் சொல்லி ஊறிப்போன வார்த்தை சில பேருக்குத் தங்கிடும்னு டாக்டரு சொன்னாரு. சாமி பேரு தங்கியிருக்கலாம். பெத்த பிள்ளை பேரு தங்கியிருக்கலாம். தங்கினது என்ன தெரியுமா? "சனியனே." கல்யாணம் ஆன நாள்லேருந்து எனக்கு அவரு வெச்ச பேரு. இப்ப காபி வேணும்னாலும் சனியனே, ஃபேன் போடணும்னாலும் சனியனே. அன்னைக்கு டாக்டரைப் பாத்தும் அதையே சொன்னாரு. டாக்டரு முகம் சுண்டிப் போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான், இத்தனை வருஷம் கழிச்சு என் பேரைப் பங்கு போட்டுக்க ஒரு ஆளு கெடைச்சாரேன்னு.

இவரு ஒரு நாளு ஷேவ் பண்ணாம இருந்தவரு இல்ல. கொல்லைப்பக்கம் சன்னல்ல கண்ணாடியை மாட்டி, பிளேடு மாட்டுற அந்த இரும்பு ரேசரை வெச்சுக்கிட்டு நிப்பாரு. அந்த நேரத்துல நான் மிக்ஸி போடக் கூடாது, பாத்திரம் உருட்டக் கூடாது. இருமக் கூடாது. கை நடுங்கிடுமாம். ஊரே பாத்து நடுங்குற மனுஷனுக்கு என் இருமலுக்குக் கை நடுங்குமாம், கேட்டுக்க.

படுத்தப்பறம் தெருமுனை சலூன் வேலாயுதத்தை வரச் சொன்னேன். பாவம், பயபக்தியா வந்தாரு. கத்தியைக் கழுத்துக்குக் கொண்டு போறாரு, இவரு நல்லாருக்குற இடது கையால பட்டுன்னு ஒரு தட்டு. கூடவே பழைய அர்ச்சனை. வேலாயுதம் பொட்டியை மூடிட்டாரு. "அம்மா, காது மூக்குன்னா பரவால்ல. கழுத்தும்மா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு ஜாமீன் எடுப்பா?"ன்னு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. நியாயம்தானே.

சிங்கப்பூர்லேருந்து பிள்ளை ஒரு ஷேவிங் மிஷின் அனுப்பினான். அதைப் போட்டா வண்டு பூந்த மாதிரி ஒரு சத்தம். இவரு கட்டில்லேருந்து உருண்டு விழப் பாத்தாரு. "அப்ப தாடி விட்டுடும்மா, இப்ப அதான் ஃபேஷன்"ங்குறான். நீ சிங்கப்பூர்ல உக்காந்துக்கிட்டு ஃபேஷன் பேசுவ. எச்சி வடிஞ்சு வடிஞ்சு தாடிக்குள்ள புண்ணு வர்றது எனக்குத்தானே தெரியும்.

சரி, நாமளே செய்வோம்னு ரேசரைத் தூக்கினேன். அதுக்கு முன்னாடி அதை நான் தொட்டதே இல்ல. தொட விட்டாத்தானே. பிடியைத் திருகினா மண்டை தனியா வருது, நடுவுல பிளேடை வெக்கணும், மூடித் திருகணும். அவ்வளவுதான் ராஜ ரகசியம்.

கன்னம் ஒரு தொந்தரவும் இல்லம்மா. மேலேருந்து கீழ இழுத்தா தோசைத் திருப்பியில சுரண்டின மாதிரி நுரையோட வந்துடும். கழுத்துக்கு வந்தாத்தான் வினை. தோலு தொளதொளன்னு தொங்குது. முடி எந்தப் பக்கம் போவுதுன்னு அதுக்கே தெரியாது. முதல் நாளு வழிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு. மறுநாள் காலையில பாக்குறேன், தாடையிலேருந்து தொண்டைக்குழி வரைக்கும் வேர்க்குரு கொட்டின மாதிரி சிவப்புச் சிவப்பா பொரி. சட்டைக் காலரு பட்டாலே முகத்தைச் சுளிக்கிறாரு.

அழுத்தவே கூடாதும்மா. இதை முதல்ல மனசுல வெச்சுக்க. ரேசரோட கனமே போதும், நம்ம கை அதைத் தாங்கிக்கிட்டுப் போனாச் சரி. நான் அழுத்தினதே இல்ல. சத்தியமா அழுத்தினதே இல்ல. பிளேடுதான் சில நாளு தானா அழுத்திக்கும்.

உதாரணத்துக்குச் சொல்றேன். ஒரு நாளு வழிச்சுக்கிட்டு இருக்கேன், எங்க அக்கா மக கல்யாணம் ஞாபகம் வந்துச்சு. நான்தான் தூக்கி வளத்த பொண்ணு. "நீ போயிட்டா எனக்கு யாரு சோறு போடுவா"ன்னு ஒரே வார்த்தையில என்னை நிறுத்திட்டாரு. பக்கத்து ஊரு, பஸ் ஏறினா அரை மணி நேரம், அதுவும் இன்ஸ்பெக்டர் பொண்டாட்டிக்கு பாஸு. போகல. தாலி கட்டுற நேரத்துக்கு நான் அடுப்படியில நின்னு இவருக்கு வத்தக்குழம்பு தாளிச்சுக்கிட்டு இருந்தேன். அதைத்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். கையி தன் பாட்டுக்கு ஒழுங்காத்தான் போச்சு. பாத்தா தாடைக்குக் கீழ ரத்தம். பிளேடு மட்டமான பிளேடு. மாத்திட்டேன்.

இன்னொரு நாளு அங்கன்வாடி டீச்சர் வேலை ஞாபகம் வந்துச்சு. எனக்குக் கெடைச்ச வேலைம்மா, எங்க தெருவுலயே. "என் பொண்டாட்டி ஊரான் பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விடப் போறாளா"ன்னாரு. முடிஞ்சு போச்சு. இப்ப யாரு யாருக்கு மூக்குச் சிந்தி விடுறா பாரு. அன்னைக்கும் கழுத்து எரிஞ்சு போச்சு. அது சோப்புக் கோளாறு. சோப்பையும் மாத்தினேன். தண்ணியை மாத்தினேன். பிரஷ்ஷை மாத்தினேன். எதை மாத்தி என்ன, சில கழுத்துக்கு ராசி அப்படி.

அப்பத்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுச்சு. நம்ம முகத்துல பரு வந்தா என்ன பண்ணுவோம்? பொரி வந்த உடம்புக்கு என்ன போடுவோம்? மஞ்சளும் வேப்பிலையும் விழுதா அரைச்சு, வழிச்சு முடிச்ச கையோட கழுத்து பூராவும் அப்பிட்டேன். எரிஞ்சிருக்கும் போல. வீடு அதிர அதிர என் பேரைக் கூப்பிட்டாரு. ஆறிடும், பொறுத்துக்கோங்கன்னு நாற்காலியில சாய்ச்சு வெச்சு, துண்டால தோளைச் சேத்துக் கட்டி, அங்கங்க விட்டுப்போன முடியை எடுக்க ரேசரோட பக்கத்துல நிக்கிறேன். வாசக்கதவு திறக்குது.

வந்தது யாரு? எங்க நாத்தனார் தையல்நாயகி. இவருக்கு அக்கா, நான் அண்ணின்னு கூப்பிடுவேன். வைத்தீஸ்வரன்கோயில்ல இருக்காங்க. தாயில்லாத தம்பியை இடுப்புல தூக்கி வளத்தவங்க. அதை எனக்குக் கல்யாணப் பந்தியிலேருந்து சொல்லிக்கிட்டு இருக்காங்க, மறக்க வாய்ப்பே இல்ல.

அவங்க கண்ணால பாரேன். தம்பியைக் கட்டிப் போட்டிருக்கு. கழுத்துல மஞ்சள் வடியுது, வேப்பிலை ஒட்டிக்கிட்டு இருக்கு. கண்ணுலேருந்து தண்ணி. பொண்டாட்டி கையில பிளேடு.

"அடிப்பாவி! ஆட்டுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சு நிறுத்துற மாதிரி என் தம்பியை நிறுத்தி வெச்சிருக்கியேடி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"ன்னு போட்டாங்க பாரு ஒரு சத்தம், எதிர்வீட்டுல டிவியை நிறுத்திட்டாங்க.

ஆடு தலையாட்டினாத்தான் வெட்டுவாங்க அண்ணி, இவரு இன்னும் ஆட்டலன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். அண்ணி சேலைத் தலைப்பை நனைச்சு மஞ்சளைத் துடைச்சாங்க. உள்ள இருந்த பொரியெல்லாம் தெரிஞ்சுச்சு. அப்படியே அழுதுட்டாங்க. "வாயில்லாத பிள்ளையை இப்படி அறுத்து வெச்சிருக்கியே. உனக்குப் பழைய கணக்கெல்லாம் தீக்க இப்பத்தான் நேரம் கெடைச்சுதா?"ன்னாங்க. எனக்கு வந்துச்சே கோவம்! பழைய கணக்காம். நான் எதையாவது மனசுல வெச்சுக்கிறவளா? நீயே சொல்லு.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மவனோட காரை எடுத்துக்கிட்டு வருவேன். இந்தக் கழுத்து இப்படியே இருந்துச்சுன்னா என் தம்பியை நான் அழைச்சுக்கிட்டுப் போயிடுவேன். அப்பறம் நீ ரேசரை வெச்சுத் தேங்கா துருவிக்க"ன்னு சொல்லிட்டு, வாசல்ல தண்ணி கூடக் குடிக்காம போயிட்டாங்க.

"தாராளமா அழைச்சுக்கிட்டுப் போங்க"ன்னு நானும் தெரு வரைக்கும் கேக்குற மாதிரிச் சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். நெனைச்சுப் பாரு, காலையில எழுந்து எனக்கு மட்டும் ஒரு காபி. மிக்ஸியை இஷ்டத்துக்குப் போடலாம். இருமலாம். ராத்திரி யாரையும் புரட்டிப் படுக்க வெக்க வேணாம். சொர்க்கம்மா அது.

ஆனா கெட்ட பேரோட அனுப்பக் கூடாது பாரு. அதுக்காகத்தான். வேற எதுக்காகவும் இல்ல, எம் பேருக்காக, ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் கழுத்தைச் சரி பண்ணிடணும்னு உக்காந்தேன்.

முதல்ல ரேசரை எடுத்து உள்ள வெச்சேன். பொரி இருக்குற எடத்துல மேல மேல வழிச்சா அது எப்படி ஆறும்? தோலுக்கும் லீவு வேணும்ல, எனக்குத்தான் கெடையாது. வெறும் பச்சைத் தண்ணியில துணியை நனைச்சு ஒத்தி ஒத்தி எடுத்தேன். மஞ்சளைக் கண்ணுலயே காட்டல. சிவப்பு அடங்க அடங்க முடி வளந்துச்சு. அப்பத்தான் பாத்தேன். கண்ணால இல்லம்மா, வெரலால பாத்தேன். நீயும் அப்படித்தான் பாக்கணும். கழுத்துல வெரலை வெச்சு எல்லாப் பக்கமும் தடவிப் பாரு. வழுக்கிக்கிட்டுப் போற பக்கம் முடி போற பக்கம். சொரசொரன்னு தடுக்கிற பக்கம் எதிர்ப்பக்கம். இவருக்கு வலது பக்கம் கீழ போவுது. இடது பக்கம் காதைப் பாத்து மேல ஏறுது. தொண்டை நடுவுல சுழி மாதிரி சுத்துது. நான் எல்லாத்தையும் மேலேருந்து கீழ இழுத்திருக்கேன். பின்ன முறைக்குமா முறைக்காதா?

அப்படித் தடவிப் பாக்குறப்ப காதுக்குக் கீழ ஒரு தழும்பு தட்டுச்சு. பழைய தழும்பு. இத்தனை வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன், அப்படி ஒரு தழும்பு இருக்குறதே எனக்குத் தெரியாது. இவரு எங்க தெரிய விட்டாரு, கிட்ட போனாலே "என்ன?"ன்னு கேக்குற ஆளு. அன்னைக்கு ஒண்ணும் கேக்கல. கண்ணை மூடிக்கிட்டு இருந்தாரு. நான் தடவிக்கிட்டே இருந்திருக்கேன், அடுப்புல பால் பொங்கி வழிஞ்சப்பத்தான் தெரிஞ்சுச்சு.

சனிக்கிழமை ரேசரை எடுத்தேன். சுடுதண்ணியில துண்டை முக்கிப் பிழிஞ்சு கழுத்துல போட்டு, ஆறுற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தேன். புது பிளேடு. நுரையை நல்லா கொழகொழன்னு வட்டமா தேச்சேன். இடது கையால தோலை லேசா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, வலது பக்கம் கீழ, இடது பக்கம் மேல, நடுவுல குட்டிக் குட்டியா. ஒவ்வொரு இழுப்புக்கும் ரேசரைத் தண்ணியில அலசணும். ஒரே தடவைதான். கொஞ்சம் சொரசொரன்னு மிச்சம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும், நாம என்ன மாப்பிள்ளையா அனுப்பப் போறோம்? ரெண்டாந் தடவை போகணும்னு கை துடிக்கும் பாரு, அங்கதான் பொரி கெளம்பும். அப்பறம் பச்சைத் தண்ணி, படிகாரத்தை நனைச்சு ஒரு தடவு, அவ்வளவுதான்.

அன்னைக்கு மனசுல ஒண்ணுமே ஓடல. அக்கா மக கல்யாணமும் ஓடல, அங்கன்வாடியும் ஓடல. தொண்டையில நரம்பு துடிக்கிறதை மட்டும் பாத்துக்கிட்டே வழிச்சேன். அதான் சொல்றேன், எல்லாம் அந்தச் சுடுதண்ணித் துண்டோட மகிமை. முடிச்சுப் பாக்குறேன், இவரு கண்ணோரத்துல தண்ணி. சோப்புப் பட்டுருக்கும்.

ஞாயித்துக்கிழமை கார் வந்துச்சு. அண்ணி வந்ததும் நேரா தம்பிகிட்டத்தான் போனாங்க. மோவாயைத் தூக்கிப் பாத்தாங்க. திருப்பிப் பாத்தாங்க. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தாங்க. ஒண்ணும் இல்ல. செக்கிங் இன்ஸ்பெக்டரோட அக்காவாச்சே, டிக்கெட் சரியா இருக்கேன்னு அவங்களுக்கே வருத்தம்.

"சரி, கழுத்து தேவலை"ன்னாங்க. "இருந்தாலும் என்னோடயே வந்து கொஞ்ச நாளு இருக்கட்டும். பெரிய வீடு, மவன் வேலைக்குப் போயிட்டா நான் ஒருத்தியாக் கெடக்கேன். அவன் என்னைத் திட்டிக்கிட்டாவது கெடப்பான்ல."

என்னமோ ஆயிடிச்சு எனக்கு. ஒரு வாரமா அந்தக் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதேனே, எதுக்கு? பாஸ் பண்ணினாலும் ஃபெயிலுன்னா என்ன பரீட்சைம்மா இது? "அழைச்சுக்கிட்டுப் போங்க! இப்பவே போங்க!"ன்னு கத்தினேன். பீரோவைத் திறந்து பெரிய பையை இழுத்துப் போட்டு அடைச்சேன். இவரு வேட்டி, துண்டு, மாத்திரை, ரப்பர் ஷீட்டு, ரேசர், பிரஷ், படிகாரம். ஒவ்வொண்ணா எறியறேன், எறியறப்ப பேசிக்கிட்டே இருக்கேன். என்ன பேசினேன்னு இப்ப ஞாபகம் இல்ல. நல்லதா இருக்காது.

இவரு கட்டில்லேருந்து அந்தப் பையையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அன்னைக்குன்னு பாத்து அந்த ஒரு வார்த்தையும் வரல.

அண்ணி, "இருடி, மாத்திரையை மேல வெச்சுக்கிறேன், வழியில வேணும்"னு பையை வாங்கித் திறந்தாங்க. வேட்டியை எடுத்து வெச்சாங்க. ரப்பர் ஷீட்டை எடுத்து வெச்சாங்க. அதுக்கு அடியிலேருந்து என் புடவை ரெண்டு வந்துச்சு. ஜாக்கெட்டு வந்துச்சு. என் கண்ணாடிக் கூடு வந்துச்சு. அதுக்கும் அடியில என்னோட தைராய்டு மாத்திரை டப்பா.

எனக்கு வெக்கமாப் போச்சும்மா. அப்படி ஒரு வெக்கம் நான் பட்டதே இல்ல.

"என்னடி இதெல்லாம்?"ன்னாங்க அண்ணி.

"அவசரத்துல வந்திருக்கும். ரெண்டு பேரு துணியும் ஒரே பீரோவுலதானே கெடக்கு"ன்னேன்.

வாசல்ல மவன் ஹாரன் அடிக்கிறான். அண்ணி என் புடவையை மடிச்சு என்கிட்ட குடுத்தாங்க. அந்த மாத்திரை டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு, மெதுவா, கோவமே இல்லாம கேட்டாங்க.

"புடவை பீரோவுல இருந்து வந்துச்சு, சரி. இதை நீ அடுப்படியில மேல் தட்டுலதானே வெச்சிருப்ப குஞ்சிதம்? ஸ்டூலு போட்டு ஏறித்தானே எடுக்கணும்?"